கேனிங் ஆற்றின் வரைபடம்

அலாஸ்காவின் வடகோடியில் புரூக்ஸ் மலைத்தொடரில் பிறந்து ஆர்க்டிக் கடலில் கலக்கிறது கேனிங் ஆறு. 1826-இல் கரையோரமாகப் படகில் வந்த ஆய்வுப் பயணி ஜான் பிராங்க்ளின், பிரிட்டிஷ் அரசியல் தலைவர் ஜார்ஜ் கேனிங்கின் பெயரை இதற்கு வைத்தார். அதன்பின் எண்பது ஆண்டுகள் ஆகியும் இந்த ஆறும் மலைகளும் முறையான அளவீட்டுக்கு வரவில்லை. இனுபியாட் மக்களுக்கோ இது தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிப் பழகிய நிலம்.

1906-இல் அமெரிக்க நிலவியலாளர் எர்னஸ்ட் லெஃபிங்வெல், டென்மார்க்கின் ஐனார் மிக்கெல்சனுடன் இங்கே கப்பலில் வந்தார். வடக்கே பனிக்கடலில் புது நிலம் தேடுவதுதான் நோக்கம். நிலம் அகப்படவில்லை, பனி நெருக்கியதில் கப்பலும் பழுதானது. அதன் மரங்களைப் பிரித்து ஃபிளாக்ஸ்மன் தீவில் குடில் கட்டினார்கள். மிக்கெல்சன் ஊர் திரும்பினார். லெஃபிங்வெல்லுக்கு 1914 வரை, இடையிடையே ஊருக்குப் போய்வந்தது போக, அந்தக் குடில்தான் இருப்பிடம்.

அங்கிருந்தபடி அந்தக் கடற்கரையை முக்கோண அளவீட்டால் வரையத் தொடங்கினார். இந்த முறையில் ஒரு கோட்டை மட்டும் தரையில் துல்லியமாக அளந்தால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குறியைத் தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியில் பார்த்துக் கோணம் எடுத்தால் தூரம் கணக்கில் வந்துவிடும். ஆனால் அந்தக் கடலோரம் மரமே இல்லாத தட்டை நிலம். ஏறி நின்று பார்க்க மேடு கிடைப்பது அரிது. கோடையில் மூடுபனி கண்ணை மறைக்கும். குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியனே எழாது. சிறு படகிலும் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும் 31 பயணங்கள் சென்று, சுமார் 240 கிலோமீட்டர் கடற்கரையை அவர் வரைந்து முடித்தார்.

அதே பொறுமையோடு காலடி மண்ணையும் கவனித்தார். கடுங்குளிரில் உறைந்த நிலம் சுருங்கி, மெல்லிய வெடிப்பு விடுகிறது. வசந்தத்தில் உருகிய நீர் அதற்குள் இறங்கி உறைகிறது. மறு ஆண்டு அதே இடம் மீண்டும் வெடிக்க, மீண்டும் நீர் இறங்குகிறது. இப்படி நூல்போலத் தொடங்கிய பனி, நூற்றாண்டுகளில் ஆப்பு வடிவில் பருத்துவிடுகிறது. இந்த விளக்கத்தை அவர் 1915-இல் வெளியிட்டார். உறைநிலத்தைப் படிப்பவர்களுக்கு இன்றும் அதுவே அடிப்படை.

வரைபடங்களும் ஆய்வும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் நூலாக 1919-இல் வந்தன. பாறை அடுக்கு ஒன்றுக்கு அங்குள்ள இடப்பெயரையே எடுத்து, சாட்லரோச்சிட் என்று அதில் பெயரிட்டிருந்தார். 1968-இல் அலாஸ்காவின் புரூடோ விரிகுடாவில் கண்டறிந்த மாபெரும் எண்ணெய் வளம் பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் இருந்தது. லெஃபிங்வெல் அப்போது உயிரோடு இருந்தார். 1971-இல், 96 வயதில் காலமானார்.