ஃபிஜி ரக்பி வீரரின் சாப்பாட்டுத் தட்டு

2016-இல் ரியோ ஒலிம்பிக்கின் எழுவர் ரக்பி இறுதிப் போட்டியில் பிரிட்டனை 43-7 என்று வென்றது ஃபிஜி. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கம்! டோக்கியோவிலும் தங்கம் வென்றார்கள். ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் மட்டுமே வாழும் தீவுகளில் அப்படி என்னதான் சாப்பிடுகிறார்கள்?

பெரும்பாலும் கிழங்குதான். மரவள்ளி, சேம்பு, பெருவள்ளி. கூடவே மீன், தேங்காய்ப்பால், சேப்பங்கீரை. விசேஷ நாட்களில் குழி தோண்டி, கற்களைப் பழுக்கக் காய்ச்சி, இறைச்சியையும் கிழங்கையும் இலையில் பொதிந்து மண்மூடி வேகவைக்கிறார்கள். லோவோ என்பது அதன் பெயர்.

ரக்பியில் ஓட்டம் ஒரே சீராக இருக்காது. பாய்ந்து ஓடி, எதிராளியை மோதி வீழ்த்தி, எழுந்து மறுபடியும் பாய வேண்டும். அந்த வேகத்துக்குத் தசை முக்கியமாக எரிப்பது கிளைகோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தை. எழுவர் ஆட்டம் 14 நிமிடம்தான். ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் வரும். தீர்ந்த சேமிப்பை இடைவேளைக்குள் நிரப்பியாக வேண்டும். அதற்குக் கிழங்கு நல்ல உணவு. கடும் பயிற்சிக் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 6 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால், 100 கிலோ வீரருக்கு நாளுக்கு 600 கிராம் தேவை. மரவள்ளியிலிருந்தே அவ்வளவையும் பெற ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்!

குறை புரதத்தில் இருக்கிறது. 100 கிராம் மரவள்ளியில் அது ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம். அதே வீரருக்கோ நாளுக்கு 140 முதல் 200 கிராம் வேண்டும். கிழங்கும் தேநீருமாகச் சாப்பிட்டால் அடிபட்ட தசை எப்படித் தேறும்? மீன்தான் ஈடுகட்டுகிறது: 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம். பருப்பும் உதவுகிறது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் உணவு அது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழர்களும் அவர்களில் உண்டு.

நேரமும் முக்கியம். தேங்காய்ப்பாலின் கொழுப்பு வயிற்றில் அதிக நேரம் தங்கும். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு வெறும் வேகவைத்த கிழங்கு போதும். தேங்காய்ப்பால் சேர்ந்த கீரையும் மீனும் ஆட்டம் முடிந்தபின்.

கிழங்கால்தான் தங்கம் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். சிறுவயதிலிருந்தே ஊர்த்திடலில் ஆடி வளர்ந்த திறமை அது. ஆனால் அந்தத் தட்டில் இப்போது உடனடி நூடுல்ஸும் சர்க்கரைப் பானமும் ஏறிவிட்டன. நீரிழிவும் அங்கே பெரும் சுமையாகிவிட்டது. இறக்குமதியான கொழுப்பு மிகுந்த ஆட்டு வயிற்றிறைச்சியின் விற்பனையை 2000-இல் அரசே தடைசெய்ய வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டில் விளையாடும் பிள்ளை இருந்தால், பயிற்சி நாளில் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் நன்றாக வேகவைத்த மரவள்ளியைக் கொடுங்கள். பக்கத்தில் மீனோ முட்டையோ பருப்போ கட்டாயம் இருக்கட்டும்.