ஏரி பொழியும் வெண்பனி

நுழையும்முன்

கடலைக் கடந்துவரும் காற்று மழையைக் கொணரும் என்பது பலரும் அறிந்த செய்தி. ஏரியைக் கடந்துவரும் காற்று ஆளுயரப் பனியைக் கொணர்ந்து கொட்டும் என்பது பலரும் அறியாத செய்தி. வட அமெரிக்காவின் ஏரிக்கரை நகரம் ஒன்றில் அவ்வியப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், அது மக்கள் வாழ்வை எவ்வாறு சோதிக்கிறது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரே நாள், இரு வானிலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் அமைந்துள்ள நகரம் பஃபலோ. 2014ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், அந்நகரின் வடபகுதியில் சில சென்டிமீட்டர் பனியே பெய்திருந்தது. அங்கிருந்து தெற்கே நோக்கியவர்கள், வானுக்கும் மண்ணுக்குமாக எழுந்து நின்ற வெண்சுவர் ஒன்றைக் கண்டனர். அச்சுவருக்குள் அகப்பட்ட தென்புறநகர்களில் ஒன்றரை மீட்டருக்கும் மேலாகப் பனி குவிந்தது. வீட்டின் கதவைத் திறந்தவர்கள், கதவின் அச்சு அப்படியே பதிந்திருந்த பனிச்சுவரின் முன் திகைத்து நின்றனர். நெடுஞ்சாலையில் சிக்கிய சிலர், ஊர்திக்குள்ளேயே ஒரு நாளுக்கும் மேலாகக் காத்திருந்தனர். அப்பகுதியில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இரு பகுதிகளுக்கும் இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டர்களே. ஓரிடத்தில் இயல்பான நாளும் மற்றோரிடத்தில் பேரிடரும் ஒருசேர நிகழ்ந்தமைக்குக் காரணம், நகரின் மேற்கே பரந்து கிடக்கும் ஏரியே ஆகும்.

ஐம்பெரும் ஏரிகள்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒண்டாரியோ என்னும் ஐம்பெரும் ஏரிகள் உள்ளன. உலகின் மேற்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றில் அடங்கியுள்ளது. இவற்றுள் ஆழம் குறைந்தது ஈரி. அதன் சராசரி ஆழம் 19 மீட்டர் மட்டுமே. ஆயினும் அதன் நீளம் ஏறத்தாழ 390 கிலோமீட்டர். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கும் அவ்வேரி முடியும் இடத்தில்தான் பஃபலோ நகரம் உள்ளது.

நீர் மெல்லச் சூடேறும், மெல்லவே குளிரும். எனவே கோடையில் பெற்ற வெப்பத்தை ஏரி எளிதில் இழப்பதில்லை. நவம்பரில் கரையோர நிலம் குளிர்ந்துவிட்ட பிறகும் ஏரி நீர் வெப்பத்தைத் தன்னுள் காத்து வைத்திருக்கும். ஏரி காத்து வைத்த அவ்வெப்பமே பனிப்பொழிவுக்கு முதலாகிறது.

பனி பிறக்கும் முறை

குளிர்காலத்தில் கனடாவின் வடபகுதியிலிருந்து கடுங்குளிர்க் காற்று தெற்கு நோக்கிப் பாய்கிறது. அது வறண்ட காற்று. தன்னளவில் பெரும்பனியைத் தர வல்லதன்று. அக்காற்று வெதுவெதுப்பான ஏரியின்மேல் கடக்கும்போது, அதன் அடிப்பகுதி வெப்பத்தையும் ஈரத்தையும் ஒருங்கே பெறுகிறது. வெப்பமடைந்த காற்று எடை குறைந்து மேலெழுகிறது. மேலே சென்றதும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி முகிலாகிப் பனித்துகள்களாகத் திரள்கிறது. கரையை அடைந்ததும் நிலத்தின் உராய்வால் காற்றின் வேகம் தடைப்படுகிறது. பின்வரும் காற்று நெருக்க, முன்செல்லும் காற்று மேலும் உயர்கிறது. கரைக்கு அப்பால் குன்றுகள் இருப்பின் அவையும் காற்றை உயர்த்துகின்றன. ஏரியில் பெற்ற ஈரம் கரையோர ஊர்களின்மேல் கொட்டப்படுகிறது. இதனையே அறிவியலார் ‘ஏரி விளைவுப் பனிப்பொழிவு’ என்பர்.

இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்வு ஒன்று இந்தியாவிலும் உண்டு. நிலப்பரப்பிலிருந்து வறண்டு புறப்படும் வடகிழக்குப் பருவக்காற்று, வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரம் பெற்றுச் சோழமண்டலக் கரையில் மழையாகப் பொழிகிறது. அங்கே கடல் செய்வதை இங்கே ஏரி செய்கிறது. வெப்ப மண்டலத்தில் மழையாவது, கடுங்குளிர் நாட்டில் பனியாகிறது.

எல்லாக் குளிர்காற்றும் பெரும்பனியைத் தருவதில்லை. ஏரி நீரின் வெப்பநிலைக்கும், ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றின் வெப்பநிலைக்கும் இடையே குறைந்தது 13 பாகை செல்சியசு வேறுபாடு இருத்தல் வேண்டும். காற்று நீரின்மேல் நெடுந்தொலைவு பயணம் செய்தலும் வேண்டும். ஈரி ஏரியைக் குறுக்கே கடக்கும் காற்றுக்குக் கிடைக்கும் நீர்ப்பரப்பு நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. நீளவாட்டில் கடக்கும் காற்றோ அதைப் போல் மும்மடங்குக்கும் மேலான தொலைவு ஈரத்தைப் பருகிவரும். அத்தகைய நாளில் முகில்கள் ஒரே பட்டையாகத் திரண்டு, ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் அளவுக்கும் பனியைப் பொழியும். சில வேளைகளில் பனியோடு இடியும் மின்னலும் சேர்ந்து வருவதுண்டு.

அப்பட்டை நீளமானது; ஆனால் மிகக் குறுகியது. காற்றின் திசை சற்றே மாறினாலும் அது ஓர் ஊரை விடுத்து மற்றோர் ஊரின்மேல் சென்று நிற்கும். 2014இல் அது தென்புறநகர்களின்மேல் நெடுநேரம் அசையாது நின்றது. ஒரே நாளில் இரு வானிலை தோன்றியது இதனாலேயே.

ஏரி உறைந்தால்?

குளிர்காலத்தின் பிற்பகுதியில் ஆழமற்ற ஈரி ஏரியின் மேற்பரப்பு பெரும்பாலும் உறைந்துவிடும். பனிக்கட்டி மூடியபின் காற்றுக்கு ஈரமும் வெப்பமும் கிட்டுவதில்லை. எனவே ஏரி விளைவுப் பனியும் குறையும். ஆழமான ஒண்டாரியோ ஏரி முழுவதுமாக உறைவது அரிது. அதனால் அதன் கிழக்கேயுள்ள டக் ஹில் மேட்டு நிலத்தில் குளிர்காலம் முழுவதும் பனி பெய்கிறது. அங்குச் சில இடங்களில் ஓராண்டில் பெய்யும் பனி 5 மீட்டரைத் தாண்டும்.

ஏரி உறைந்தால் இடர் நீங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு என்பதை 1977ஆம் ஆண்டு உணர்த்தியது. அந்தக் குளிர்காலத்தில் ஈரி ஏரி வழக்கத்திற்கு முன்னரே, டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டது. அதன்பின் பெய்த பனி, உறைந்த ஏரியின்மேல் வாரக்கணக்கில் படிந்து கிடந்தது. ஜனவரி 28ஆம் நாள் வீசிய கடும்புயல், ஏரிமேல் கிடந்த பனியையெல்லாம் வாரி எடுத்து நகரின்மேல் வீசியது. அந்நாள்களில் வானிலிருந்து புதிதாகப் பெய்த பனி சிறிதளவே. ஆயினும் நகரம் முற்றிலும் முடங்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அறிவிப்பும் காப்பும்

ஏரியின் வெப்பத்தையும் காற்றின் திசையையும் கணித்துப் பனிப்பட்டை எங்கே அமையும் என்று முன்கூட்டியே கூறும் ஆற்றலை இன்றைய வானிலையியல் பெற்றுள்ளது. ஆனால் அறிவிப்பு ஒன்றே உயிரைக் காத்துவிடாது. இதற்கு 2022ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று தொடங்கிய பனிப்புயல் சான்றாகும்.

அப்புயலைப் பற்றி வானிலை ஆய்வாளர்கள் பல நாள்களுக்கு முன்பே எச்சரித்திருந்தனர். எனினும் ஊர்திகள் சாலைக்கு வரக்கூடாது என்னும் தடை, புயல் தொடங்கிய காலையில்தான் அறிவிக்கப்பட்டது. அதற்குள் பலர் வேலைக்குச் சென்றிருந்தனர். அன்றைய ஊதியத்தை இழக்க இயலாதோரும், வீட்டில் போதிய உணவு இல்லாதோரும் புறப்பட்டோருள் இருந்தனர். 37 மணி நேரம் கண்முன் நிற்பதும் தெரியாதவாறு புயல் வீசியது. விமான நிலையத்தில் ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் பனி பதிவாயிற்று. தீயணைப்பு வண்டிகளும் மருத்துவ ஊர்திகளும் பனியில் புதைந்தன. உதவி கேட்டு அழைத்தோர்க்கு உரிய நேரத்தில் உதவி சென்று சேரவில்லை. பஃபலோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிலர் ஊர்திகளில் மாண்டனர்; சிலர் தெருவில் நடந்து செல்கையில் வீழ்ந்தனர்; சிலர் மின்சாரமும் வெப்பமும் அற்ற வீடுகளிலேயே உயிர்நீத்தனர். பனியை அள்ளும்போது நெஞ்சடைத்து இறந்தோரும் உண்டு. நகரில் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள். பனி எல்லார் வீட்டின்மேலும் பெய்தது. அதைத் தாங்கும் வசதி எல்லார்க்கும் ஒன்றாக இல்லை.

அத்துயரின் நடுவே மனிதநேயமும் வெளிப்பட்டது. புறநகர் ஒன்றில் ஊர்தியோடு சிக்கிய ஒருவர், விடுமுறைக்காகப் பூட்டியிருந்த பள்ளியின் சன்னலை உடைத்து உள்ளே சென்றார். வழியில் தவித்துக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்டோரை அழைத்து வந்து, புயல் தணியும்வரை அங்கே காத்தார். புறப்படும்போது, சன்னலை உடைத்தமைக்கு மன்னிப்புக் கேட்டுக் குறிப்பொன்றை எழுதிவைத்துச் சென்றார்.

புவி வெப்பமடைவதால் ஐம்பெரும் ஏரிகளை மூடும் பனிக்கட்டி குறைந்து வருகிறது. ஏரி நெடுநாள் உறையாதிருப்பின், குளிர்காற்று ஈரம் பெறும் நாள்களும் மிகும். வெப்பம் கூடும் உலகில் சில இடங்களில் பனி மிகுவது முரணாகத் தோன்றினும், ஏரியின் இயல்பை அறிந்தோர்க்கு அதன் காரணம் விளங்கும். காற்றின் வழியை மாற்ற மனிதரால் இயலாது. அது வருமுன் அறிதலும், அறிந்ததை உரிய காலத்தில் அனைவர்க்கும் உரைத்தலும், வெளியேற இயலாதோரையும் வீட்டில் தங்க இயலாதோரையும் எண்ணித் திட்டமிடுதலும் மனிதரால் இயலும்.

தெரிந்து தெளிவோம்

தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இங்குப் ‘பனி’ என்பது புல்நுனியில் துளிர்க்கும் நீர்ப்பனியையும் குளிரையும் குறிக்கும். வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதை ‘வெண்பனி’ என்பது தெளிவு தரும். ‘பனித்தல்’ என்னும் வினைக்கு நடுங்குதல் என்னும் பொருளும் உண்டு.

சொல்லும் பொருளும்

முகில் – மேகம்
உராய்வு – உரசுதல்
ஊர்தி – வாகனம்
முதல் – மூலப்பொருள்
மாண்டனர் – இறந்தனர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஐம்பெரும் ஏரிகளுள் ஆழம் குறைந்தது எது?
2. நவம்பரில் ஏரி நீர் நிலத்தைவிட வெதுவெதுப்பாக இருப்பது ஏன்?

ஆ. விரிவான விடை தருக.
1. 1977ஆம் ஆண்டுப் பனிப்புயல் 2014ஆம் ஆண்டுப் பனிப்பொழிவிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?
2. ‘அறிவிப்பு ஒன்றே உயிரைக் காத்துவிடாது’ – பாடத்தின்வழி விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
வெண்பனி, பனிப்பொழிவு, மேலெழுகிறது, அவ்வெப்பம்

ஈ. செயல்பாடு
உங்கள் பகுதியில் வெள்ளம், புயல், வெப்ப அலை, கடுங்குளிர் ஆகியவற்றுள் ஒன்றுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டால், வெளியே செல்லாமல் இருக்க இயலாதவர்கள் யாவர்? அவர்களுக்கு என்ன உதவி தேவைப்படும்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக.