மூக்கு கழலணும், இடுப்பு கழலக் கூடாது!

மாடல் ராக்கெட்னு சொன்னா நம்ம கண்ணு முதல்ல மோட்டார் மேலதான் போகும். ஆனா ராக்கெட் பத்திரமா தரைக்கு வருமா, வராதாங்கிறதைப் பெரும்பாலும் முடிவு பண்றது ஒரு சின்ன விஷயம்: ஒரு அட்டைக் குழாய்க்குள்ள இன்னொரு பாகம் எவ்வளவு இறுக்கமா நுழையுது?

எப்படின்னு பாருங்க. மோட்டார் எரிஞ்சு முடிஞ்ச சில விநாடியில, அதோட மேல்முனையில இருக்கிற கொஞ்சம் மருந்து வெடிச்சு குழாய்க்குள்ள வாயுவை நிரப்பும். அந்த அழுத்தத்துல நோஸ் கோன் கழன்று, பாராசூட் வெளியே வரணும். கோன் இறுகிக் கிடந்தா குழாய் கிழியும், இல்லைன்னா மோட்டாரே பின்பக்கமா தெறிச்சு விழும். பாராசூட் உள்ளேயே மாட்டிக்க, ராக்கெட் ஈட்டி மாதிரி இறங்கும். கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில ஆட்கள் வேலை செஞ்சுட்டு இருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க!

அதுக்காக லொடலொடன்னும் விடக் கூடாது. கோன் நேரத்துக்கு முன்னாடியே கழன்றா, பாராசூட் முழு வேகத்துல விரிஞ்சு கிழிஞ்சிடும்.

மூணு இடம், மூணு விதமான பொருத்தம்

நோஸ் கோன்: ராக்கெட்டைத் தலைகீழாப் பிடிங்க. கோன் தன் எடையில விழக் கூடாது. லேசா உதறினா கழன்று வரணும். தளர்வா இருந்தா அடிப்பகுதியில மாஸ்கிங் டேப் ஒரு சுத்து. இறுக்கமா இருந்தா உப்புத்தாள், கடைசியில கொஞ்சம் முகப் பவுடர்.

மோட்டார்: முன்னேயும் நகரக் கூடாது, பின்னேயும் நழுவக் கூடாது. டேப் சுத்தி, கையால அழுத்தித் தள்ளினாதான் போகணும்.

கப்ளர்: ரெண்டு குழாயை இணைக்கிற இடுப்பு. ஒட்டுறதுக்கு முன்னாடி விரலால தள்ளினாலே வழுக்கிட்டுப் போகணும், ஆனா ஆடக் கூடாது.

குழாய்க்கு எங்கே போறது?

தேனி, ஆண்டிபட்டி பக்கத்து நூற்பாலைகள்ல பேப்பர் கோன் கிடைக்கும். ஆனா அது சரிவானது. 5 டிகிரி 57 நிமிடச் சரிவு வழக்கமான அளவு. உடலுக்கு ஆகாது. துணி ரோல் சுத்தி வர்ற குழாய் நேரா இருக்கும், ஆனா கனம். அதனால நாமளே சுத்திக்கலாம். 25 மி.மீ. வயரிங் பைப்புக்கு அந்த அளவு வெளிவிட்டம்தான். அதுமேல பாலிதீன் ஷீட் ஒரு சுத்து, அப்புறம் பசை தடவின சார்ட் பேப்பர். காய்ஞ்சதும் உருவிடுங்க.

கப்ளருக்கும் அதே குழாய் போதும். உள்விட்டம் 25, சுவர் 0.5 மி.மீ.னா வெளிவிட்டம் 26. இது 25-க்குள்ள நுழையணும், பசைக்கும் இடம் வேணும். அதனால இலக்கு 24.8. விட்டத்துல 1.2 குறையணும்னா சுற்றளவுல 1.2 × 3.14, அதாவது சுமார் 3.8 மி.மீ. ஒரு துண்டை நீளவாக்குல அந்த அகலத்துக்கு வெட்டி எடுத்துட்டு, விளிம்புகளைச் சேர்த்து உள்பக்கம் பேப்பர் ஒட்டுங்க. ஒவ்வொரு பக்கமும் குறைஞ்சது ஒரு விட்டம் அளவுக்கு உள்ளே போகணும். மொத்தம் 50 மி.மீ. நீளம்.

நிறைய பேர் மாட்டிக்கிற இடம்

ஃபெவிகால்ல தண்ணி இருக்கு. அட்டை அதை உறிஞ்சி ஊதும். கப்ளரைப் பாதி தள்ளிட்டு ஒரு நொடி யோசிச்சீங்கன்னா அங்கேயே பிடிச்சுக்கும், அப்புறம் அசையாது. எங்கே நிக்கணும்னு பென்சில்ல கோடு போட்டுட்டு, பசையை வெளிக்குழாயோட உள்பக்கம் தடவி, ஒரே தள்ளா தள்ளுங்க. அரால்டைட்ல தண்ணி இல்ல, அவசரமும் இல்ல.

இதே காரணத்தாலதான் மழைக்காலத்துல பொருத்தம் மாறும். கோடையில சரியா இருந்த கோன், ஐப்பசி ஈரத்துல இறுகிப் போகலாம். விளிம்புல ஃபெவிக்விக் ஊறவிட்டு, காய்ஞ்சதும் 220, 400 நம்பர் உப்புத்தாள் போட்டா ஈரம் அவ்வளவா ஏறாது. இருந்தாலும் ஏவுற அன்னைக்குக் காலையில உதறல் சோதனையைத் திரும்பச் செய்யுங்க.

ரெண்டு எச்சரிக்கை. மோட்டார் மருந்தை வீட்டுலயோ ஹாஸ்டல்லயோ கலக்காதீங்க. அது உயிருக்கு ஆபத்து, 1884-ம் வருஷ வெடிபொருள் சட்டமும் இருக்கு. பேராசிரியர் மேற்பார்வை, முறையான அனுமதி ரெண்டும் வேணும். அடுத்தது காற்று. மணிக்கு 32 கி.மீ.க்கு மேல வீசினா ஏவக் கூடாதுங்கிறது மாடல் ராக்கெட் பாதுகாப்பு விதி. காற்றாலை ஓடுற நம்ம கம்பம் கணவாய்ல, தென்மேற்குப் பருவக்காற்று மாசங்கள்ல பொறுமையா இருக்கிறதே நல்லது.

அந்த மாசங்கள்ல குழாய் சுத்திப் பழகுங்க. நாலஞ்சு வீணாப் போகும். பரவாயில்ல, சார்ட் பேப்பர்தானே!