தலையணைக்கு அடியில் ஒரு கைபேசி

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வரும்போது, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் சேர்க்கப்பட்டிருந்த ஒரு முதியவரின் கட்டிலருகே நின்றேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. மூச்சு முந்தைய நாளைவிடச் சீராகியிருந்தது. நாடி பார்க்கக் குனிந்தபோது, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சார்ஜர் வயர் சுவரை நோக்கிச் செல்வதைக் கண்டேன். தலையணையை நகர்த்தினால், உடனிருந்த அவருடைய மகளின் கைபேசி! அதன் பின்மூடி உப்பி விலகி, இரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது. தொட்டால் சுட்டது.

"ஆறு மாசமா இப்படித்தான் இருக்கு டாக்டர். நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் அவர். ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டேன். "புது போன் வாங்க இப்போ பணம் இல்லை. அப்பாவோட ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாம் இதுலதான் படமா இருக்கு."

புதிய கைபேசி தேவையில்லை, பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்று அவரிடம் அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. இக்கட்டுரையை எழுதக் காரணம் அதுவே.

பேட்டரி ஏன் உப்புகிறது?

இன்றைய கைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் இருப்பவை லித்தியம் அயனி பேட்டரிகள். 1991இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இவற்றை உருவாக்கியதற்காக மூன்று அறிவியலாளர்கள் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். பேட்டரியின் உள்ளே இரண்டு மின்முனைகளும், அவற்றைப் பிரிக்கும் மெல்லிய படலமும், தீப்பற்றக்கூடிய ஒரு திரவமும் இருக்கின்றன. நாட்பட்ட பயன்பாடு, அதிக வெப்பம், தரமற்ற சார்ஜர், கீழே விழுந்த அடி ஆகியவற்றால் இத்திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது. அவ்வாயு வெளியேற வழியின்றி உறையை உப்பச் செய்கிறது.

உள்ளிருக்கும் படலம் கிழிந்து மின்முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், எழும் வெப்பம் மேலும் வெப்பத்தைத் தூண்டும். நொடிகளில் புகையும் தீயும் கிளம்பலாம். 2016இல் சாம்சங் நிறுவனம் தனது கேலக்சி நோட் 7 கைபேசிகளில் ஏறத்தாழ 25 இலட்சத்தைத் திரும்பப் பெற நேர்ந்தது நினைவிருக்கலாம். பேட்டரிகளில் இருந்த குறைகளே காரணம் என்று அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது. புத்தம்புதிய கருவிக்கே இந்நிலை என்றால், உப்பிய பழைய பேட்டரியை நம்பி உறங்குவது எப்படி?

நோயாளியின் அருகில் ஏன் கூடாது?

ஆக்சிஜன் தானாக எரியும் வாயு அன்று; ஆனால் எரிகின்ற எதையும் வேகமாகவும் கடுமையாகவும் எரியச் செய்யும். குழாயிலிருந்து கசியும் ஆக்சிஜன் தலையணையிலும் போர்வையிலும் தங்கியிருக்கும். மெத்தையும் தலையணையும் கைபேசியின் வெப்பம் வெளியேறாதபடி தடுக்கும். மேலும், எரியும் பேட்டரியின் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் உண்டு. நலிந்த நுரையீரலுக்கு அப்புகை தீயைப் போலவே கொடியது.

ஆகவே கைபேசி, மடிக்கணினி, பவர் பேங்க் எதனையும் கட்டிலின் மேல் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். கட்டிலை விட்டுத் தள்ளி, மேசை போன்ற கடினமான பரப்பில் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும்.

அறிகுறிகளும் செய்ய வேண்டியவையும்

பின்மூடியோ திரையோ மேலெழும்புதல், மடிக்கணினியின் டச்பேட் உயர்ந்து அழுத்த வராமற்போதல், பயன்படுத்தாதபோதும் சூடாதல், வழக்கமில்லாத இரசாயன வாடை ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே சார்ஜரைக் கழற்றிக் கருவியை அணைத்துவிடுங்கள். சிமெண்டுத் தரை போன்ற எரியாத இடத்தில் தனியே வையுங்கள். உப்பலை அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், கத்தியால் நெம்பாதீர்கள். மருத்துவமனையில் இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் கைபேசியின் பின்மூடியை நகத்தால் திறந்து நாமே பேட்டரியை மாற்றினோம். இப்போது பெரும்பாலும் அது பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டியிருப்பதாலேயே மாற்ற இயலாது என்று எண்ண வேண்டாம். பயிற்சி பெற்ற பணியாளர் பாதுகாப்பாக மாற்றிவிடுவார். கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே எளிதில் கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. அத்தகைய கருவிகள் நம் கைக்கு வரும்வரை, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தையே நாடுங்கள். விலை மலிவு என்று பெயர் தெரியாத பேட்டரியைப் பொருத்த வேண்டாம். பழைய பேட்டரியைக் குப்பையில் எறியாமல் அம்மையத்திலேயே ஒப்படையுங்கள்.

தீப்பற்றினால் முதலில் நோயாளியையும் உங்களையும் அப்புறப்படுத்துங்கள். உடனே உதவிக்குக் குரல் கொடுங்கள். தோலில் சூடுபட்டால், குழாய் நீர் 20 நிமிடங்கள் மெதுவாக வழியும்படி காட்டுங்கள். வீக்கம் தொடங்குமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். பற்பசை, பேனா மை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் வாருங்கள். புகையைச் சுவாசித்தவருக்கு இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

அன்று அந்தக் கைபேசியை அணைத்து, வராந்தாவின் தரையில் தனியே வைத்தோம். மறுநாள் சேவை மையத்தில் புதிய பேட்டரி பொருத்தப்பட்டது. புதிய கைபேசியின் விலையில் ஒரு சிறு பகுதியே செலவாயிற்று. ஸ்கேன் படங்களும் மருந்துச் சீட்டுகளும் அப்படியே இருந்தன. ஆயினும் அவற்றின் நகலை மகனின் கைபேசியிலும் சேமித்து வைக்கச் சொன்னேன். முதியவர் அந்த வாரமே வீடு திரும்பினார்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் கைபேசியின் உறையைக் கழற்றி, பின்மூடி சமமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பக்கத்துக் கட்டிலில் உடனிருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.