கண்டது வேறு, கருதியது வேறு

காரவள்ளி அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சோளக்காட்டுக்கு வந்து சேரும்போது வெடித்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு உப்பியிருக்கும். கொல்லிமலையில் பேருந்து ஏறிய எந்தப் பிள்ளையும் இதைப் பார்த்திருக்கும். ஏன் உப்புகிறது என்று கேட்டுப் பாருங்கள். "உள்ளே இருக்கிற காத்து சூடாயிடுச்சு சார்" என்று ஒரு பதில் உடனே வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல பதில்தான். சூடானால் காற்று விரியும் என்று பாடத்தில் படித்திருக்கிறது. படித்ததைக் கண்டதோடு பொருத்திப் பார்க்கிறது.

ஆனால் அந்தப் பிள்ளை கண்டது என்ன? பாக்கெட் உப்பியது, அவ்வளவுதான். காற்று சூடானதை யாரும் காணவில்லை. அது பிள்ளை கருதியது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் அறிவியல் ஆசிரியரின் முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். சூத்திரங்களும் வரையறைகளும் அதற்குப் பிறகு வரட்டும்.

ஆசிரியர் இங்கே விடையைச் சொல்லிவிடாமல் ஒரு கேள்வி கேட்டால் போதும். "மேலே வரவரக் குளிருச்சா, வெயில் ஏறுச்சாப்பா?" "குளிருச்சு சார்." "அப்ப உள்ளே இருக்கிற காத்து எப்படிச் சூடாகும்?" வகுப்பு யோசிக்கத் தொடங்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. சூடு மட்டுமே காரணம் என்றால் பாக்கெட் சற்றுச் சுருங்கியிருக்க வேண்டும். ஆக, முதல் ஊகம் நிற்கவில்லை. காது அடைத்ததே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று இன்னொரு பிள்ளை கேட்கலாம். அடிவாரத்தைவிட மலைமேல் காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. வெளியிலிருந்து அழுத்துவது குறைந்ததால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது என்பது இரண்டாவது ஊகம். அதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. காலியான தண்ணீர் பாட்டிலை மலைமேல் உள்ள செம்மேட்டில் இறுக மூடி, கீழே இறங்கும் பேருந்தில் ஒருவரிடம் கொடுத்தனுப்பினால் போதும். காரவள்ளியில் வெயில் அதிகம். ஆனாலும் பாட்டில் நசுங்கியிருக்கும். சூடு காரணம் என்ற ஊகம் இங்கே இரண்டாவது முறையும் தோற்கிறது. செலவே இல்லாத சோதனை இது, கருவி எதுவும் வேண்டாம். சமவெளியில் இருக்கும் எந்தப் பெரிய பள்ளியும் இதைத் தன் வளாகத்தில் செய்து காட்ட முடியாது.

ஊகம் தப்பினால் வகுப்பறையில் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. வயலில் அப்படியில்லை. கொல்லிமலையில் மரவள்ளி முக்கியமான பணப்பயிர். நாமக்கல், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது போகிறது. மரவள்ளிச் செடி மஞ்சளாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். "சத்துப் பத்தலை, யூரியா போடணும்" என்பது வழக்கமாக வரும் முடிவு. மஞ்சள் என்பது கண்டது. சத்துக் குறைவு என்பது கருதியது. இரண்டுக்கும் நடுவே கேட்க வேண்டிய கேள்விகள் பல இருக்கின்றன. எந்த இலை மஞ்சள், கீழே உள்ள முதிர்ந்த இலையா, நுனியில் உள்ள கொழுந்தா? இலை முழுக்க ஒரே சீராக வெளுத்திருக்கிறதா, திட்டுத் திட்டாகவா? இலை நெளிந்து சிறுத்திருக்கிறதா? தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடி இலைகள் சீராக வெளுக்கும். கொழுந்திலேயே திட்டுகள் விழுந்து இலை கோணிக்கொண்டால் அது பெரும்பாலும் தேமல் நோய். அதற்குக் காரணமான வைரஸை வெள்ளை ஈ பரப்புகிறது. நோயுள்ள செடியிலிருந்து குச்சி எடுத்து நட்டால் அடுத்த பயிருக்கும் அது வந்துவிடும். யூரியாவால் அதற்கு ஒரு பயனும் இல்லை. நோயில்லாத குச்சியைத் தேர்ந்து நடுவதே வழி.

இந்த உதாரணத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கண்டதையும் கருதியதையும் பிரிப்பது என்றால், கருதியதை ஒதுக்கிவிட்டுக் கண்டதோடு நின்றுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிரித்து வைத்தால்தான் இன்னும் கூர்ந்து பார்க்கத் தோன்றும். 'சத்துக் குறைவு' என்று எழுதிவிட்ட பிள்ளை மறுபடி இலையைப் பார்க்காது. 'மஞ்சள்' என்று மட்டும் எழுதிய பிள்ளை, எந்த மாதிரி மஞ்சள் என்று பார்க்க மறுபடி வயலுக்குப் போகும். மரவள்ளி வயலுக்கு நடுவிலேயே வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைப் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

பெரியவர்களும் இதில் சறுக்குவதுண்டு. மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட சாமையும் தினையும் கேழ்வரகும் சென்ற நூற்றாண்டின் பின்பாதியில் கொல்லிமலையில் வேகமாகக் குறைந்தன. வயல்கள் கண்ணெதிரே மாறியதால் இது எல்லோரும் கண்டது. 'ஜனங்களுக்குச் சாமைச் சோறு பிடிக்காமல் போய்விட்டது' என்பது வெளியிலிருந்து வந்தவர்கள் பலர் எளிதாகச் சொன்ன காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் நடுவிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியைச் செய்துவருகிறது. நிறுவனத்தினர் மக்களோடு உட்கார்ந்து கேட்டபோது வேறொன்று தெரியவந்தது. சாமையை உரலில் போட்டுக் குத்தி, உமி நீக்கி, புடைத்து எடுப்பது பெண்களுக்கு மணிக்கணக்கான வேலை. ரேஷன் அரிசி வந்த பிறகு அந்தப் பாடு எதற்கு என்ற கேள்வி எழுந்தது நியாயம். மரவள்ளிக்குச் சந்தை இருந்தது, சாலையும் வந்தது. உழைப்புச் சுமை ஒரு காரணம் என்றால் அதைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அப்படித்தான் ஊர்களில் சிறிய அரவை இயந்திரங்கள் வந்தன. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. உமி நீக்கும் வேலை எளிதானது. அதற்காக மரவள்ளியும் மிளகும் காப்பியும் இருந்த நிலமெல்லாம் சாமைக்குத் திரும்பிவிடவில்லை. உழைப்புச் சுமை காரணங்களில் ஒன்று, ஒரே காரணமல்ல என்று அதிலிருந்து தெரிந்துகொள்கிறோம். ஊகத்தைச் சோதித்ததால் கிடைத்த தெளிவு இது. நல்ல ஆராய்ச்சி என்று இதைத்தான் நான் சொல்வேன்.

மலையின் பாறையும் ஒரு பாடம் சொல்லும். கொல்லிமலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கரும்பாறை. அதற்கு அந்தப் பெயர் வந்த கதையை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லலாம். கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னோக்கின் கல்லறை அங்கே செயிண்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, சார்னோக்கின் பெயரையே அந்தப் பாறைக்குச் சூட்டி 1893இல் எழுதினார். அவர் கண்டது, கல்லில் உள்ள கனிமங்கள். கல்கத்தாவைச் சுற்றி இருப்பதோ கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல். அங்கே இப்படி ஒரு பாறை கிடையாது. சென்னைக்கு அருகே பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் அதே பாறை இருக்கிறது. எனவே அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். தன் காலத்துக்கு 200 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல்லை ஏற்றிச் சென்றதை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஊகம் நிற்கிறது. கனிமம், இடம், வண்டல் என்று கண்டவை ஒவ்வொன்றும் அதைத் தாங்குகின்றன.

கொல்லிமலை உச்சியில் கிடைக்கும் செந்நிற பாக்சைட்டும் இதே வகைதான். அதை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன காலம் உண்டு. வெப்பமும் மழையும் நெடுங்காலம் பாறையைக் கரைத்து, சிலிக்காவை அடித்துப் போய், அலுமினியத்தையும் இரும்பையும் விட்டுவைத்தால் பாக்சைட் உருவாகும். பிள்ளை கையில் எடுத்துப் பார்ப்பது ஒரு சிவந்த கட்டி. அதிலிருந்து பல லட்சம் ஆண்டுகள் பெய்த மழையை எட்டிப் பிடிக்க வைப்பது ஊகம். ஊகம் இல்லாமல் அறிவியல் கிடையாது. 'ஊகிக்காதே' என்று பிள்ளைகளைத் தடுக்கும் ஆசிரியர் பாதி அறிவியலை வெளியே தள்ளுகிறார். 'ஊகி, ஆனால் தனியாக எழுது' என்பதே சரியான பாடம்.

இனி நம் ஆய்வகங்களுக்கு வருகிறேன். பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் உப்புப் பகுப்பாய்வு இருக்கிறது. சோதனை, காண்பன, அறிவன என்று கட்டம் போட்டு எழுதுகிறார்கள். கண்டதையும் கருதியதையும் பிரிக்க இதைவிட நல்ல அமைப்பு வேண்டியதில்லை. ஆனால் நடப்பது என்ன? ஓர் உப்பில் நீர்த்த அமிலம் ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறது. காண்பனவில் நுரைத்தது என்று எழுத வேண்டும். பல நோட்டுகளில் அங்கேயே 'கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது' என்று இருக்கும். நிறமில்லாத அந்த வாயுவின் பெயரைக் குமிழி சொல்லாது. அந்த வாயுவைச் சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்தி, பால்போல் ஆவதைக் கண்ட பிறகுதான் அந்தப் பெயரைச் சொல்ல உரிமை வருகிறது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. என்ன உப்பு என்பது மாணவருக்கு முன்கூட்டியே எப்படியோ தெரிந்துவிடுகிறது. அறிவன நிரம்பிவிடுகிறது, அதற்கேற்ற காண்பனவைக் கையேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறார்கள். சோதனைக் குழாயில் எதுவும் நிகழாவிட்டாலும் நோட்டில் எல்லாம் நிகழ்ந்திருக்கும். முடிவை முதலில் வைத்துக்கொண்டு சாட்சியைப் பிறகு தயாரிக்கும் பழக்கத்தை நாம் மதிப்பெண் கொடுத்து வளர்க்கிறோம். அந்தப் பழக்கம் பள்ளியோடு நிற்பதில்லை. நாளை ஒரு கிராமத்தில் காய்ச்சல் பரவும்போது, குடிநீர் கெட்டதாகப் புகார் வரும்போது, அதே மாணவர்தான் அதிகாரியாக அறிக்கை எழுதப்போகிறார்.

மாற்றுவது கடினமல்ல. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு மரத்தைத் தேர்ந்து வாரந்தோறும் பார்க்கிறார்கள். கொழுந்து, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்கிறார்கள். காரணம் கேட்கப்படுவதில்லை. ஓராண்டு குறித்த பிறகு காரணத்தைப் பேச அவர்கள் கையில் பதிவு இருக்கும். கவனிக்க வேண்டிய மரங்களின் பட்டியலில் பலாவும் உண்டு. கொல்லிமலையில் பலா இல்லாத பள்ளி வளாகத்தைத் தேட வேண்டியிருக்கும். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு உள்ளூர் ஆய்வுகளோடு பிள்ளைகளை அழைத்துப் போகும் வேலையைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் செய்துவந்திருக்கிறது. மலைப் பிள்ளைகளுக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கிறது.

இது எதுவும் வருவதற்கு முன்பேகூட, நோட்டில் மூன்று பத்தி போடலாம். கண்டது, நினைத்தது, எப்படிச் சரிபார்ப்பது. மூன்றாவது பத்தி இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் சடங்காகிவிடும். பிள்ளைகள் தங்கள் பேச்சு வழக்கிலேயே எழுதட்டும். சூடாயிடுச்சு என்று எழுதினாலும் குற்றமில்லை, சரியான பத்தியில் எழுதியிருந்தால் போதும்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்களிடமும், செய்முறைத் தேர்வை நடத்தும் பள்ளிக் கல்வித் துறையிடமும் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஒரு மாணவி தன் சோதனைக் குழாயில் நிகழ்ந்ததை அப்படியே எழுதி, அது கையேட்டோடு ஒத்துப்போகாவிட்டால், அவளுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள். வரும் செய்முறைத் தேர்விலிருந்தே இதைத் தொடங்கலாம். புதிய பாடத்திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.