உதவித்தொகையை நம்பிக் கடன் வாங்கலாமா?

எம்.எட். முடித்த நம் பெண்கள் பிஎச்.டி. சேர ஆசைப்படுகிறார்கள். நாவலூருக்குப் பக்கத்தில், காரப்பாக்கத்திலேயே 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வந்தால் விடுதிச் செலவு மிச்சம்.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023-ல் உயர்த்தியபடி மாதம் ரூ.37,000. ஆனால் தேர்ச்சி மட்டும் போதாது, பிஎச்.டி. சேர்ந்த பிறகே பணம் வரும். முடிவுக்குக் காத்திருக்கும்போதே, "எப்படியும் வந்துடும்" என்று குழுவில் பெரிய கடன் வாங்கவேண்டாம் என்கிறோம். முதல் கட்டணத்துக்கு மட்டும் வாங்குவோம். இடத்தை விட நேர்ந்தால் எவ்வளவு திரும்பும் என்று முன்பே கேட்போம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாதென்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது.

படிக்க வைப்போம், கடனில் மூழ்காமல்!