ஐவரில் ஒருவராய்

நேயர்களில் பலருடைய இல்லங்களில் இந்தக் காட்சி நடந்திருக்கக் கூடும். அம்மா இலை போட்டுவிட்டு அழைக்கிறாள். பிள்ளையாண்டானோ கணினியை விட்டு எழுந்திருப்பதாயில்லை. "இன்னும் இருபது நிமிஷம், அம்மா! நான் நடுவில் எழுந்தால் மற்ற நாலு பேரும் தோற்றுப் போவார்கள்" என்கிறான். இது வெறும் சாக்கு என்றே நாமும் வெகுநாள் எண்ணியிருந்தோம். உண்மையை அறியும் பொருட்டு, 'டோட்டா 2' என்னும் அந்த ஆட்டத்தில் நாமே இறங்கிப் பார்த்தோம்.

வால்வ் என்னும் அமெரிக்கக் கம்பெனி 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆட்டம் இது. கட்சிகள் இரண்டு, கட்சிக்கு ஐவர். பதின்மரும் அவரவர் இருக்குமிடத்திலிருந்தே இணையத்தின் வாயிலாகக் கூடுகிறார்கள். களத்தில் மூன்று பாதைகள், பாதைதோறும் காவற்கோபுரங்கள். எதிரியின் கோட்டைக்குள் இருக்கும் 'ஏன்ஷன்ட்' என்னும் மூலஸ்தானத்தைத் தகர்ப்பவர்களுக்கே வெற்றி. நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களுள் ஒருவரை ஆளுக்கொன்றாகத் தெரிந்தெடுத்துக் கொள்ள வேண்டும்.

முதல் நாள், கண்ணில் பட்ட எதிரியையெல்லாம் துரத்தினோம். பத்துமுறை மாண்டோம். நாம் மாளுந்தோறும் எதிரிக்குப் பொன்னும் அநுபவமும் சேர்ந்து, அவன் பலம் பெருகிற்று. நமது பிழைக்கு நால்வர் தண்டனை பெற்றனர். முகமறியாத கூட்டாளி ஒருவர் நமக்கு எழுதிய வசவுகளை இங்கே அச்சிடுவதற்கில்லை. அத்தகையோரின் பேச்சை அடைத்துவிட ஆட்டத்திலேயே வசதி உண்டு என்பதைப் பின்னரே அறிந்தோம்.

புதியவர்களுக்கு நாம் சொல்லக் கூடியது இதுதான். முதலில் இயந்திர எதிரிகளுடன் ஆடிப் பழகுங்கள். இரண்டு மூன்று வீரர்களை மட்டும் நன்றாகக் கற்றுக் கொள்ளுங்கள். எதிரியின் சிறுபடைச் சிப்பாயை யார் கடைசி அடி அடித்து வீழ்த்துகிறாரோ, அவருக்கே அதற்குரிய பொன் முழுதும் சேரும். ஆதலால் வீணாக அடிப்பதை விடுத்து, அந்தக் கடைசி அடிக்குக் காத்திருக்கப் பழகுங்கள். திரையின் மூலையிலுள்ள சிறு படத்தை அடிக்கடி பாருங்கள். எதிரி ஒருவன் அதில் காணப்படவில்லையென்றால், உம்மை நோக்கியே வருகிறான் என்று கொள்ளுங்கள்.

ஐவருள் ஒருவர் பெரும்பாலும் பொன்னைப் பிறருக்கு விட்டுக் கொடுத்து, வேவுக் கருவிகளை நட்டுக் கூட்டாளிகளைக் காக்க வேண்டும். இதனை 'ஐந்தாம் ஸ்தானம்' என்பர். புகழ் குறைந்த வேலைதான். ஆனால் 2018-இல் வான்கூவரிலும் 2019-இல் ஷாங்காயிலும் நடந்த உலகப் பந்தயத்தில் அடுத்தடுத்து வென்ற ஓஜி கட்சியின் தலைவர் யோஹான் சுண்ட்ஸ்டைன் வகித்த ஸ்தானம் அதுவே. 2018-இல் அக்கட்சி பந்தயத்துக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சிதறி, புதியவர்களைச் சேர்த்துக் கொண்டு, யாவரும் கலந்துகொள்ளும் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்தது.

ஆகவே, பையன் சொன்னது சாக்கு அன்று. பாதியில் எழுந்தால் நால்வர் தவிப்பார்கள். ஆட்டமும் அவனைத் தண்டித்து, தனி வரிசையில் காக்க வைக்கும். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு அரைமணி முதல் ஒரு மணி வரை ஆகும் என்பதும் அவனுக்குத் தெரிந்ததே. உட்காருமுன் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம் அல்லவா? அங்கேயும் ஒருவர் ஐந்தாம் ஸ்தானத்தில் நின்று, மற்றவர்களுக்காக உழைத்துக் கொண்டிருக்கிறார்.